ஓர் உளிக்கு மூன்று விலை

சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆள் தேடுகிற காலம் இது. குழாயில் வாஷர் மாற்ற ஒரு செயலி, கதவுக் கீலைச் சரிசெய்ய இன்னொரு செயலி என்று கைபேசியைத் தட்டினால் ஆள் வந்து நிற்கிறார். அப்படியிருந்தும், வெள்ளிக்கிழமை காலையில் சென்னை, பல்லாவரம் பழைய டிரங்க் சாலைச் சந்தையில், தார்ப்பாய் விரிப்புகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துருப்பிடித்த குறடுகளையும் பிடி கழன்ற உளிகளையும் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் தச்சர்களோ மெக்கானிக்குகளோ இல்லை. வங்கியில் வேலை பார்ப்பவர், கணினி நிறுவனத்துக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று பிழைப்புக்குக் கருவி தேவைப்படாதவர்களும் நிறைய. நானும் அந்த வகைதான்.

இன்னொருவர் கழித்துப்போட்ட இரும்பில் எங்களுக்கு என்ன ஈர்ப்பு? மலிவு என்பது உடனே தோன்றும் பதில். ஆனால் பழைய உளியை வாங்கிவந்து, துரு நீக்கி, பிடி போட்டு, தீட்டி முடிப்பதற்குள் ஆகும் நேரத்தையும் செலவையும் கூட்டினால் ஹார்டுவேர் கடையில் இருக்கும் புது உளியே மலிவு. பழமையின் மேல் உள்ள பாசம் என்றால், பித்தளைக் கூஜாவும் வால்வு ரேடியோவும் அதே சாலையில்தான் கிடைக்கின்றன. கருவி தேடி வருகிறவர்கள் பலர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்துச் சாமான் உறுதியானது என்பது மூன்றாவது பதில். அதில் பாதி உண்மை. உறுதியில்லாத பழைய சாமான்கள் எப்போதோ உடைந்து உலைக்குப் போய்விட்டதால், மிஞ்சியவற்றை மட்டும் பார்த்து நமக்கு வரும் மயக்கம்தான் மீதிப் பாதி.

இந்த மூன்றும் போதவில்லை. வேறு பதில் வேண்டுமென்றால் சந்தையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பல்லாவரத்துச் சந்தை மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்பார்கள். இன்று அங்கே மாடு தவிர எல்லாம் கிடைக்கும்: காய்கறி, பூச்செடி, கூண்டுப் பறவை, பழைய செருப்பு, கழற்றிய ஜன்னல், உயிர் போன கைபேசி. ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் பழைய பொருளுக்கு மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1900இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985இல் தீப்பிடித்து எரிந்தது. இன்று அந்த இடத்தில் நின்று புறநகர் ரயில் ஏறுகிறோம். பழம்பொருள் வியாபாரம் அதோடு முடிந்துவிடவில்லை. வீதி வீதியாக, கிழமை கிழமையாகப் பிரிந்துகொண்டது.

பழைய கருவி தேடுவதற்குப் பல்லாவரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்று எனக்குத் தோன்றும். அதற்குக் காரணம் உண்டு. 1863 மே 30ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இருபத்தெட்டு வயது இளைஞர், இதே பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றின் அருகே கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். ஒரு முனை கூராக, மறுமுனை கைக்குள் அடங்குவதாக, இரண்டு பக்கமும் செதில் செதிலாகப் பெயர்த்த குவார்ட்சைட் கல். அது கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டெடுத்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே நடத்திய அகழாய்வில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் கணித்தது.

ஃபுட்டுக்கு முன்பு அந்தச் சரளையை எத்தனையோ பேர் மிதித்திருப்பார்கள். வண்டி வண்டியாக அள்ளிச் சாலைக்குக் கொட்டியும் இருப்பார்கள். அவருக்கு மட்டும் அது கருவியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கல் கருவிகளைப் பற்றி ஐரோப்பிய அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை அறிந்த கண்ணோடு அவர் நடந்தார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவனுக்குக் குவியல் வேறு மாதிரி தெரியும். சந்தைக்கும் அதுவே விதி.

விரிப்பில் கிடக்கும் ஓர் உளியை எடுத்துக்கொள்வோம். அதற்கு அங்கே மூன்று விலை இருக்கிறது. முதலாவது காயலான் கடை விலை. தராசில் வைத்தால் உளியும் ஒன்றுதான், உடைந்த கேட்டுக் கம்பியும் ஒன்றுதான், கிலோ இவ்வளவு. இரண்டாவது, அரும்பொருள் சேர்ப்பவரின் விலை. இது எந்த ஊர்ச் செய்பொருள், முத்திரை தெரிகிறதா, இதுபோல் இன்னொன்று கிடைக்குமா என்பதை வைத்து அவர் விலை ஏறும், இறங்கும். மூன்றாவது, வேலை செய்பவரின் விலை. இதன் கூர் எவ்வளவு நேரம் நிற்கும், என் கைக்கு வாகாக இருக்குமா, நான் செய்ய நினைக்கும் வேலைக்கு இந்த அகலம் சரியா என்று அவர் பார்க்கிறார்.

முதல் விலையைத் தராசு சொல்லிவிடும். இரண்டாவதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவது விலை மட்டும் அவரவர் கைக்குத்தான் தெரியும். கடைக்காரருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. இந்த மூன்றாவது விலையைக் கண்டுபிடிப்பதில்தான் சந்தையின் ருசி முழுவதும் இருக்கிறது என்பேன். விளம்பரமும் நட்சத்திர மதிப்பீடும் சொல்லாத ஒன்றைப் பற்றி நாமே ஒரு தீர்ப்புக்கு வர வேண்டும். நம் அன்றாட வாழ்க்கையில் அப்படித் தீர்ப்புச் சொல்ல வாய்க்கும் இடங்கள் மிகக் குறைந்துவிட்டன.

அந்தத் தீர்ப்புக்குக் கையும் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பெஞ்ச் வைஸ் வாங்குவதென்றால் அதன் தாடையைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இல்லையென்றால் சத்தம் கணீரென்று வரும். விரிசல் விட்டிருந்தால் பொத்தென்று அடங்கிவிடும். மேலே பெயின்ட் அடித்து மறைத்தாலும் சத்தத்தை மறைக்க முடியாது. திருகைப் பாதி திறந்து நகரும் தாடையை ஆட்டிப் பார்த்தால் மரை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரியும். துருவிலும் இரண்டு சாதி. மேலோட்டமாகச் செம்மண் பூசியதுபோல் இருப்பது பயப்பட வேண்டிய துரு அல்ல, தேய்த்தால் போய்விடும். குழி விழுந்த துரு வேறு. அது உளியின் தட்டையான முதுகில் கூருக்கு அருகே இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் விளிம்பு பல்லுப் பல்லாகத்தான் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூலைமட்டத்தைச் சோதிக்கும் முறை. அது சரியான செங்கோணம் காட்டுகிறதா என்று பார்க்க இன்னொரு மூலைமட்டம் வேண்டாம். நேரான விளிம்புள்ள ஒரு பலகையும் பென்சிலும் போதும். மட்டத்தை விளிம்பில் அணைத்து ஒரு கோடு போட வேண்டும். பிறகு அதைப் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு விலகல் கோட்டில் தெரியும். ரசமட்டத்துக்கும் இதே வழிதான்: ஒருமுறை வைத்து, முனை மாற்றி மறுபடி வைத்தால் குமிழி உண்மையைச் சொல்லிவிடும். தன் குறையைத் தானே இரட்டிப்பாக்கிக் காட்டும் பொருள்கள் உலகத்தில் அதிகம் இல்லை. மனிதர்களில் இன்னும் குறைவு.

இனி அந்த மூன்றாவது விலைக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைப் பார்க்கலாம். பழைய உளிகளிலும் இழைப்புளி அலகுகளிலும் மார்பிள்ஸ், சோர்பி போன்ற பெயர்களும், அவற்றின் கீழே ஷெஃபீல்டு, காஸ்ட் ஸ்டீல் என்ற சொற்களும் பொறித்திருப்பதைப் பார்க்கலாம். காஸ்ட் ஸ்டீல் என்பதை வார்ப்பிரும்பு என்று நினைத்துச் சிலர் ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் அது மூசையில் உருக்கிய எஃகு. இங்கிலாந்தில் கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், தன் சுருள்வில்லுக்கு ஏற்ற எஃகு கிடைக்காமல் தானே உருக்கிப் பார்த்து, 1740களில் ஷெஃபீல்டு அருகே இந்த முறையை நிலைநிறுத்தினார். மூசையில் எஃகு காய்ச்சுவது தென்னிந்தியாவுக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தெரியும். களிமண் மூசைக்குள் இரும்போடு ஆவாரங்குச்சியும் பச்சிலையும் வைத்து மூடி உலையில் ஏற்றிய சேலத்துப் பக்கத்துக் கொல்லர்களைப் பற்றி ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திய எஃகை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தது 1795இல்.

சேலம், ஷெஃபீல்டு என்ற இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு மனிதர் நடந்திருக்கிறார். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்கு வேண்டிய தாது சேலத்திலிருந்து வந்தது. ஆலை அவருக்குப் பணம் தரவில்லை. பிறகு இங்கிலாந்து திரும்பிய அவர், மூசை எஃகில் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டுக்காரர்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். காப்புரிமைத் தொகைக்காக அவர் வழக்காடியே மாண்டார். பல்லாவரத்து விரிப்பில் கிடக்கும் ஷெஃபீல்டு உளியைக் கையில் எடுக்கும்போது, அதில் உள்ள அறிவின் ஒரு துளி கடலூர்க் கடற்கரையில் தோற்றுப்போன ஓர் ஆலையிலிருந்து போய்த் திரும்பி வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். உலோகம் கைமாறுவது வெளியே தெரியும். அறிவு கைமாறியது தேடிப் பார்த்தவனுக்குத்தான் தெரிகிறது.

பழைய கருவிகளை இப்படி வரலாறாகவே வாசித்தவர் ஹென்றி மெர்சர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த தொல்லியலாளர். ஆதி மனிதனின் தடயம் தேடிக் குகைகளைத் தோண்டியவர். 1897இல் கணப்படுப்புக்கு ஓர் இடுக்கி வேண்டும் என்று ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் போனார். அங்கே குவிந்திருந்த நூற்புச் சக்கரங்கள், கோடரிகள், உழவுச் சாமான்களைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. பூமிக்கு அடியில் தான் தேடிய மனிதன் இங்கே குப்பையாகக் கிடக்கிறான் என்று புரிந்துகொண்டார். இயந்திரத் தொழிற்சாலைகள் வந்து, ஒரு தலைமுறைக்கு முன்பு வரை கையில் இருந்தவை பரணுக்கும் குப்பைக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆயிரக்கணக்கில் வாங்கிச் சேர்த்தார். அவற்றுக்காகவே கான்கிரீட்டில் ஓர் அருங்காட்சியகம் கட்டி 1916இல் திறந்தார். டாயில்ஸ்டவுனில் அது இன்றும் இருக்கிறது. தச்சுக் கருவிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1929இல் வெளிவந்தது.

மெர்சரை நான் மதிக்கிறேன். அவர் இல்லையென்றால் பல கருவிகளின் பயனே இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் என்னையும் உங்களையும் போன்றவர்கள் மெர்சர் ஆகத் தேவையில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இழைப்புளி நமக்கு ஒரு செய்தி சொல்லும்; கையில் இருக்கும் இழைப்புளி கேள்வி கேட்கும். மரத்தின் நார் ஓடும் திசை தெரியாமல் தள்ளினால் பிய்த்துவிடும். அலகு ஒரு மயிரளவு கூடுதலாக நீட்டியிருந்தால் நகராமல் நின்றுவிடும். சரியாக அமைந்தால் சுருள் சுருளாக மரச்சீவல் வந்து விழும். இதில் மேலதிகாரியின் அபிப்பிராயத்துக்கும் நம் சமாதானத்துக்கும் இடம் கிடையாது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்து பிழைக்கும் எங்கள் கூட்டம் இந்தச் சாலைக்கு வருவதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் ஒரு வேலை நன்றாக நடந்ததா என்பது கூட்டம் போட்டுத்தான் முடிவாகிறது. ஆறு மாதம் உழைத்த ஒன்றை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்துவிடுவார்கள். அது எங்கே இருந்தது, எங்கே போனது என்று காட்ட ஒரு தடயமும் மிஞ்சாது. ஒரு பலகையைச் சதுரமாக அறுத்தால் அது சதுரமாக இருக்கும், இல்லையென்றால் இல்லை. எதிர்வாதம் செய்ய முடியாத ஒரு பதிலுக்காக மனிதன் ஏங்குகிறான். பணம் கொடுத்து அதை வாங்க முடியாது. கருவியை வாங்கலாம்; பதிலை அதனிடம் நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது காரணம், பழைய கருவி நம்மைச் சேர்த்துக்கொள்கிறது. இன்று கடையில் கிடைக்கும் பல கைரம்பங்களின் பற்கள் மின்தூண்டல் முறையில் கடினமாக்கப்பட்டவை. முதல் நாள் வெண்ணெயாக அறுக்கும். மழுங்கியதும் தீட்டலாம் என்றால் முடியாது, பற்கள் அரத்தைவிடக் கடினம்; தூக்கிப் போட வேண்டியதுதான். அதைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. தீட்டத் தெரியாதவருக்கும் நேரமில்லாத கூலித் தச்சருக்கும் அது உதவியான பொருள். பழைய ரம்பம் அப்படி இல்லை. முப்பட்டை அரத்தை வைத்து ஒவ்வொரு பல்லாக ராவி, ஒன்று விட்டு ஒன்று வலமும் இடமும் வளைத்துவிட்டால் மறுபடி அறுக்கும். அதை வைத்திருப்பவன் அதன் பாதுகாவலனாகவும் இருந்தாக வேண்டும். ஸ்டான்லி நிறுவனம் லெனார்டு பெய்லியின் காப்புரிமைகளை 1869இல் வாங்கிச் செய்யத் தொடங்கிய இரும்பு இழைப்புளியின் அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒரு திருப்புளி இருந்தால் அதன் திருகு ஒவ்வொன்றையும் நாமே கழற்றலாம், திரும்ப மாட்டலாம். அதற்குள் நமக்குத் தெரியாத ரகசியம் எதுவும் இல்லை. நம் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடிய பொருள்கள் எத்தனை?

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் அந்த விரிப்பில் கிடக்கும் உளி எப்படி அங்கே வந்தது என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஒருநாள் ஒரு மர இழைப்புளியை நான் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “மேலால பாத்து என்னா தெரியும் தம்பி? கவுத்துப் புடி. வெயிலுக்கு எதுருல அடிய நீட்டிப் பாரு” என்றார். பார்த்தேன். அடி நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. வலது விளிம்பு இடதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. “வச்சிருந்தவன் சாச்சித் தள்ளியிருக்கான். முதுகு வலி வந்தவனா இருப்பான்” என்று சிரித்தார். தச்சு வேலையில் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. அவருடைய கருவிகளை மகன் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். “அவன் கம்பெனில இருக்கான், ஏசி ரூம்ல. இந்த வேல வாணாம்டான்னு நான்தான் சொன்னேன்” என்றார். குரலில் வருத்தம் இல்லை. கடனை அடைத்து முடித்தவரின் நிம்மதி இருந்தது.

அவர் சொன்னதை மறந்துவிட்டுப் பழைய கருவியின் அழகைப் பேசினால் அது நேர்மையாகாது. நம் ஊரில் கருவி பிறப்போடு வந்தது. தச்சன் மகன் உளி எடுக்க வேண்டும், குயவன் மகன் சக்கரம் சுற்ற வேண்டும், வண்ணார் வீட்டுப் பிள்ளை மூட்டை தூக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது அதைக் குலக்கல்வி என்று சொல்லித் தமிழ்நாடு கொதித்தெழுந்தது. அடுத்த ஆண்டு காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்று கொதித்தவர்கள் கைத்தொழிலை இழிவாக நினைத்ததால் கொதிக்கவில்லை. யார் கையில் எந்தக் கருவி இருக்க வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்யக் கூடாது என்பதே அவர்கள் பேச்சின் சாரம்.

ஆகவே அந்த விரிப்பில் கிடக்கும் உளியைப் பார்த்து, ஐயோ ஒரு தொழில் அழிந்துவிட்டதே என்று மட்டும் பெருமூச்சு விடுவது பாதி உண்மையைத்தான் சொல்லும். ஒரு வீட்டில் ஒரு பையன் தனக்கு வேண்டிய வழியில் போனதால் வெளியே வந்த உளியாகவும் அது இருக்கலாம். மூடிப்போன பட்டறையிலிருந்தோ, மருத்துவச் செலவுக்காகவோ, குடி கெடுத்த வீட்டிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். எது என்று இரும்பு சொல்லாது. அதனால் எல்லாக் கதைகளுக்கும் சேர்த்து ஒரு மரியாதையோடு அதை எடுக்க வேண்டும். பேரம் பேசலாம், சந்தையின் இலக்கணம் அது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைய சாப்பாடு அதில்தான் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இதிலிருந்து என் பதிலுக்கு வருகிறேன். பழைய கருவியில் நமக்குக் கிடைக்கும் இன்பம், விருப்பத்தோடு எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. நாற்பது வருடம் தினமும் தள்ளியவருக்கு இழைப்புளி முதுகுவலி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தள்ளுகிற எனக்கு அது விடுதலை. கருவி ஒன்றே, நான் எப்போது வேண்டுமானாலும் அதைக் கீழே வைக்கலாம், அவரால் அது முடிந்ததில்லை. இந்த வித்தியாசம் தெரிந்தால் தச்சரிடம் கூலி பேசும்போது நம் நாக்கு கொஞ்சம் தயங்கும். ஒரு கதவைச் சட்டத்தில் பொருத்துவது எவ்வளவு கடினம் என்று கை தெரிந்துகொண்ட பிறகு, ‘இதுக்கு இவ்வளவா?’ என்ற கேள்வி அவ்வளவு எளிதாக வராது. பழைய கருவியின் மேல் பிரியம் வைத்துக்கொண்டு, அதே கருவியால் பிழைப்பவரிடம் கறாராக இருப்பவரை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை.

இந்தத் தேடலில் ஒரு பொறியும் இருக்கிறது. தேடுவது, வேலை செய்வதற்கு மாற்றாகிவிடும். ஓர் உளி போதும் என்று போனவர் வீட்டில் இருபது உளி சேரும். ஒன்றில்கூடக் கூர் இருக்காது. கருவி வாங்கிய அன்று, அந்த வேலையே பாதி முடிந்துவிட்டதுபோல் மனம் ஏமாற்றும். புத்தகம் வாங்குபவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். பொருளைக் குவிப்பதிலிருந்து தப்பிக்க வந்த இடத்திலேயே பொருளைக் குவிப்பது பெரிய முரண். ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிறோம். வருடம் முழுக்க உழைத்த கருவிக்கு அந்த ஒருநாள் ஓய்வு. வருடம் முழுக்க ஓய்விலேயே இருக்கும் கருவிக்கு எதற்குப் பூஜை?

போக நினைப்பவர்களுக்காக நடைமுறையாகச் சில சொல்கிறேன். பழைய சாணைச் சக்கரத்தை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சுழலும்போது வெடித்துச் சிதறும். வயர் வெடித்த பழைய மின்கருவிகளும் அப்படித்தான். தேய்ந்த அரத்தை மறுபடி கூராக்குவது சுலபமில்லை. அதைப் புதிதாக வாங்குவதே மேல். துரு நீக்கப் புளிக்கரைசல் போதும். பித்தளைப் பாத்திரம் துலக்கத் தெரிந்த வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஊறப்போட்டு மறந்துவிட்டால் புளி இரும்பையும் தின்னும். எடுத்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும். பழைய எஃகு அலகை மின்சாணையில் அழுத்திப் பிடிக்கக் கூடாது. முனையில் முதலில் வைக்கோல் நிறமும் பிறகு நீலமும் பூக்கும். நீலம் வந்தால், கொல்லர் போட்ட தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் கூர் நிற்காது. பல வருடம் தாங்கிய அலகை அவசரத்தால் சில நொடியில் கெடுத்துவிடலாம். தண்ணீர் தொட்டு, கல்லில், கையால் மெதுவாகத் தீட்டினால் அந்த ஆபத்து கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. சந்தைக்குக் கிளம்பும்முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஆடுகிற நாற்காலி, மூடாத ஜன்னல், பிடி கழன்ற அரிவாள்மணை என்று கைக்கு ஏற்ற வேலை ஒன்றாவது இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அந்த வேலைக்கு வேண்டிய கருவியை மட்டும் தேடுங்கள். உளி வாங்கினால் கூடவே ஒரு தீட்டுக்கல்லும் வாங்குங்கள். தீட்டும் பொறுமை இல்லையென்று தோன்றினால் இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வேலை இருக்கிற யாராவது வந்து எடுத்துப் போவார்கள்.